பள்ளி மேடையில் ஒலித்த பாட்டு, இணையத்தில் ஊமையானது

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டு விழா முடிந்த நான்காம் நாள் இரவு, சவூதியில் வேலை பார்க்கும் ஒரு தந்தை என்னை வாட்ஸ்அப்பில் அழைத்தார். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். இரண்டு ஆண்டுகளாக ஊருக்கு வர இயலாதவர். “சாரே, வீடியோவுல பிள்ள பாடுத எடத்துல மட்டும் சத்தமே வரல்ல. அவ வாய மட்டும் அசைக்கா. எனக்க போன்ல கோளாறா, இல்ல வீடியோவே அப்படியா?” என்று கேட்டார். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் அன்று ஒரு திரைப்பாடலைக் கரோக்கி டிராக்குடன் (பாடுபவர் குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவுடன்) பாடினாள். மேடைக்கு முன்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விழாவின் முழுப் பதிவையும் பள்ளியின் யூடியூப் பக்கத்தில் ஏற்றிய சிறிது நேரத்திலேயே, அந்தப் பாட்டுக்கு உரிமை கோரும் அறிவிப்பு வந்து காணொளி முழுவதும் முடங்கியது. மற்ற நிகழ்ச்சிகளையாவது பெற்றோர் பார்க்கட்டும் என்று எங்கள் கணினி ஆசிரியர் அந்த நான்கு நிமிட ஒலியை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் வெளியிட்டிருந்தார். நான் அதைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. “அப்போ பள்ளிக்கூடத்துல பாடுனதே தப்பா சாரே?” என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இசை கற்பித்து வரும் எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை என்பதுதான் அன்று என்னை வருத்தியது. அதன்பிறகு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பள்ளி, கல்லூரிகளைத் தொடும் பிரிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். நாகர்கோவிலில் வழக்கறிஞராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடமும் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விழா நடத்தாத பள்ளியோ பாடற்குழு இல்லாத கல்லூரியோ இல்லை என்பதால், நான் அறிந்துகொண்டதை மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, நாம் ‘ஒரு பாட்டு’ என்று சொல்வது சட்டத்தின் கண்ணில் மூன்று சொத்துகள் என்பது. வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு; மெட்டு ஓர் இசைப் படைப்பு; இரண்டையும் சேர்த்துப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மூன்றாவது. இவை மூன்றும் மூவரிடம் இருக்கலாம், மூன்றுக்கும் காலக்கெடு தனித்தனியே ஓடும். வரிக்கும் மெட்டுக்கும் அவற்றை ஆக்கியவரின் ஆயுட்காலமும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளியான பின் 60 ஆண்டுகள். நம் பள்ளிகளில் நாள்தோறும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிகளை எழுதிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1897-இல் மறைந்தார். மெட்டமைத்த மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 2015-இல்தான் மறைந்தார். ஒரே பாட்டில் வரிக்கும் மெட்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. ‘பழைய பாட்டுதானே’ என்று யாராவது சொல்லும்போது, அதில் எது பழையது என்று நான் இப்போது கேட்கப் பழகியிருக்கிறேன்.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். பள்ளியில் பாடியது தவறே இல்லை. சட்டத்தின் 52-ஆம் பிரிவு, எவையெவை உரிமை மீறல் ஆகா என்று வரிசைப்படுத்துகிறது. அதில் ‘ஜே’ என்னும் கூறு கல்வி நிலையங்களுக்காகவே எழுதப்பட்டது. ஒரு கல்வி நிலையத்தின் செயல்பாடுகளின் ஊடே, அதன் ஆசிரியர்களும் பணியாளர்களும் மாணவர்களும் ஒரு பாடலையோ நாடகத்தையோ நிகழ்த்தலாம்; ஒலிப்பதிவை ஒலிக்கவிடலாம், திரைப்படத்தையும் காட்டலாம். பார்வையாளர்கள் அந்த நிலையத்தின் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பாதுகாவலர், நிலையத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் என்ற அளவுக்குள் இருந்தால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். அந்தக் குழந்தை பாடியதும், கரோக்கி டிராக் ஒலித்ததும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் திரைப்பாட்டுக்கு ஆடியதும் இந்தக் கூரைக்குள் அடங்கியவையே. இந்தக் கூரையைச் சட்டம் விரிவாகவே அமைத்திருக்கிறது என்பதை ஆசிரியர்கள் தயக்கமின்றி நம்பலாம்.

உச்ச நீதிமன்றமும் இதைத் தொட்டுப் பேசியிருக்கிறது. கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த் உருவாக்கிய யட்சகான நடன நாடகங்களின் உரிமை குறித்து, அவர் உயில் வழியே உரிமை பெற்றவருக்கும் மணிப்பாலில் உள்ள ஒரு கல்வி அமைப்புக்கும் வழக்கு நடந்தது. 2009-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த அமைப்பு அவற்றை நிகழ்த்தக் கூடாது என்றிருந்த தடையாணையை அப்படியே விட்டுவிடாமல், கல்வி நிலையம் என்ற முறையில் அந்தப் பிரிவுக்குக் கண்டிப்பாக உட்பட்டு நிகழ்த்தினால் தடை பொருந்தாது என்று தெளிவுபடுத்தியது. கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன்னிலையில் தொழில்முறை சாராத மன்றம் நிகழ்த்தினாலும் அவ்வாறே என்றது. ‘கண்டிப்பாக உட்பட்டு’ என்ற அந்தச் சொல்லைத்தான் நான் மனத்தில் வைத்திருக்கிறேன். சலுகை உண்டு, ஆனால் அதன் வாசற்படி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

வாசற்படி கேமராவில் இருக்கிறது. பாட்டை மேடையில் பாடுவது நிகழ்த்துதல். அதையே படம் பிடித்து உலகம் முழுவதும் பார்க்கும்படி இணையத்தில் வைப்பது படியெடுத்தலும், பொதுமக்களுக்கு அறிவித்தலும் (அவர்கள் பார்க்கவும் கேட்கவும் கிடைக்கச் செய்தலும்) ஆகும். முதலாவதற்குத் தரப்பட்ட விலக்கு இரண்டாவதற்குத் தானாக நீளாது. காட்சியோடு பாட்டைச் சேர்ப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். இசைத் துறையில் அதைச் ‘சிங்க் லைசென்ஸ்’ என்பார்கள். வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று, ஒலிப்பதிவைப் பயன்படுத்தினால் அதற்கு இன்னொன்று. கரோக்கி டிராக்கை வாசித்துப் பதிந்தவருக்கும் அந்தப் பதிவில் உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது என்பதால் அது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடாது.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. அந்தக் கூறில் பெற்றோரையும் பாதுகாவலரையும் சேர்த்தவர்கள், பெற்றோர் விழாப் பந்தலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணியே சேர்த்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் வகுப்புக்குப் பத்துப் பேரின் தந்தையாவது வளைகுடா நாட்டில் இருக்கிறார். கடற்கரைப் பள்ளிகளில் இன்னும் சிலருடைய தந்தையர் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை காணாதவர்கள். தன் பிள்ளையின் பாட்டைக் கேட்க அவர்களுக்குப் பதிவைத் தவிர வேறு வழி இல்லை. அந்தக் கூறின் கடைசிப் பகுதி, மேலே சொன்ன பார்வையாளர்களுக்கு மட்டும் ஒலிப்பதிவையோ திரைப்படத்தையோ ‘அறிவிப்பதையும்’ அனுமதிக்கிறது. ஆகவே, பெற்றோருக்கு மட்டும் திறக்கும் வகையில் கடவுச்சொல் வைத்து விழாப் பதிவைப் பகிர்வது அந்தச் சலுகையின் நோக்கத்துக்குள் வருகிறது என்பதே என் வாசிப்பு. பதிவெடுப்பதையும் வெளிப்படையான சொற்களில் சேர்த்து இந்தக் கூறைத் திருத்தினால், யாருடைய வருமானமும் குறையாமல் ஆயிரக்கணக்கான தந்தையர் பயன்பெறுவார்கள். அதுவரை பொதுவெளிக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று என இரண்டு பதிவுகளாக நாங்கள் பிரித்துக்கொள்கிறோம்.

யூடியூபின் தானியங்கி அடையாள முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007-இல் அந்நிறுவனம் கொண்டுவந்த ‘கன்டென்ட் ஐடி’ முறையில், உரிமையாளர்கள் கொடுத்து வைத்த பதிவுகளோடு நாம் ஏற்றுவது ஒப்பிடப்படுகிறது; பொருந்தினால் தடுப்பதா, விளம்பரம் போட்டு வருமானத்தை எடுத்துக்கொள்வதா, கண்காணிப்பதோடு நிறுத்துவதா என்பதை உரிமையாளர் முன்பே தேர்ந்திருப்பார். இது உரிமைகோரல்தான். முறைப்படியான புகாரின் பேரில் வரும் எச்சரிக்கை வேறு. 90 நாள்களுக்குள் அப்படி மூன்று வந்தால் பக்கமே மூடப்படலாம். இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சிய ஒரு தலைமையாசிரியர், பள்ளியின் பக்கத்தையே அழித்துவிடச் சொன்ன நிகழ்வை நான் அறிவேன். ஐந்தாண்டுப் பதிவுகள் அதோடு போயின.

அந்த இயந்திரம் தவறும் செய்யும். கிறிஸ்துமஸ் விழாவில் எங்கள் பாடற்குழு தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைப் பாடியது. அவர் 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்தவர். வழிவழியாகத் தேவாலயங்களில் பாடப்படும் பழைய மெட்டு. கீபோர்டு வாசித்தது எங்கள் மாணவன். டிராக் எதையும் நாங்கள் பயன்படுத்தவில்லை. ஆயினும், அந்தக் கீர்த்தனையை ஒரு தொகுப்பில் பதிந்து வெளியிட்டிருந்த நிறுவனத்தின் பெயரில் உரிமைகோரல் வந்தது. அவர்களுக்கு அவர்களுடைய பதிவின் மேல் உரிமை இருக்கிறது, புதிதாக இசையமைப்பு ஏதும் சேர்த்திருந்தால் அதன் மேலும் இருக்கிறது; கீர்த்தனையின் மேல் இல்லை. ஆக்கியவர் மறைந்த ஆண்டு, மெட்டு வழிவழி வந்தது என்பது, பாடியவர்களும் வாசித்தவரும் எங்கள் மாணவர்களே என்பது ஆகிய மூன்றையும் எழுதி மறுப்புத் தெரிவித்தேன். மறுப்புக்குப் பதில் சொல்ல உரிமைகோரியவருக்கு 30 நாள்கள் உண்டு. பதில் ஏதும் வரவில்லை; கெடு முடிந்ததும் கோரல் நீங்கியது. ஆனால் அதற்குள் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் கடந்து பொங்கல் வந்துவிட்டது.

கல்லூரிகளின் நிலை இதைவிடச் சிக்கலானது. கல்லூரிக்குள் மாணவர்களே நடத்தும் துறை விழாவுக்கு அதே சலுகை பொருந்தும். வெளியிலிருந்து பாடகரையும் இசைக்குழுவையும் அழைத்து, பிற கல்லூரி மாணவர்களையும் உள்ளே விட்டு, நுழைவுக் கட்டணம் வைத்து, நகைக்கடைப் பதாகை கட்டி நடத்தும் கலைவிழாவுக்கு அது பொருந்தாது. மேடையில் பாடுபவரும் கேட்பவரும் அந்தக் கூறில் சொல்லப்பட்டவர்கள் அல்லர். லாபத்துக்காக இத்தகைய நிகழ்ச்சிக்கு அரங்கை விடுபவரும் மீறலுக்குப் பொறுப்பாகலாம் என்று 51-ஆம் பிரிவு கூறுவதால், அரங்கை வாடகைக்கு விடும் நிர்வாகமும் கவனமாக இருப்பது நல்லது.

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பணியாற்றும் என் நண்பருக்கு, கலைவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு தொலைபேசி வந்தது. பேசியவர் தாம் ஓர் உரிம நிறுவனத்தின் முகவர் என்றும், உடனே பணம் கட்டாவிட்டால் மூன்றாண்டு சிறை என்றும் சொன்னார். 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருப்பது உண்மைதான். வணிக ஆதாயத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் குறைக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதை அவர் சொல்லவில்லை. நண்பர் பதறாமல் மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பினார். 33-ஆம் பிரிவின்படி பதிப்புரிமைச் சங்கமாகப் பதிவு பெற்றிருக்கிறீர்களா, எந்தெந்தப் பாடல்களுக்கு நீங்கள் உரிமையாளர், உங்கள் கட்டண அட்டவணை எங்கே வெளியிடப்பட்டிருக்கிறது? பதிவு பெற்ற ஒவ்வொரு சங்கமும் கட்டண அட்டவணையை வெளியிட வேண்டும் என்பது 2012 திருத்தத்தில் வந்த விதி. ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நீதிமன்றம் செல்லவும் 60-ஆம் பிரிவு வழி தருகிறது. முகவரிடமிருந்து பதில் வரவில்லை.

அதற்காக அந்தக் கல்லூரி உரிமம் வாங்காமல் இருந்துவிடவில்லை என்பதை நான் பெருமையோடு சொல்வேன். வெளி இசைக்குழு பாடவிருந்ததால், பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக 1969-இல் தொடங்கப்பட்டு இன்று பதிவு பெற்ற சங்கமாக இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் பாடல் பட்டியலைக் கொடுத்து முறைப்படி கட்டணம் செலுத்தினார்கள். ஒலிப்பதிவுகளுக்கான உரிமம் தருவோர் வேறு. பதிவு பெறாத நிறுவனம் உரிமம் விற்கலாமா என்பதில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இலும் மும்பை உயர் நீதிமன்றம் 2024-இலும் ஒன்றுக்கொன்று மாறாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. ஆகவே கேட்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை; கொடுக்க வேண்டியவருக்குக் கொடுப்பது நம் கடமை. திரைப்பாடல் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2012-இல் அவ்வளவு போராட்டத்துக்குப் பின் சட்டம் திருத்தப்பட்டது. படைத்தவனின் வயிற்றில் அடிக்கும் பழக்கத்தைக் கல்வி நிலையம் கற்றுத்தரக் கூடாது.

பாடற்குழுவின் இசைக்குறிப்புகளைப் பற்றி ஒரு சொல். பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ‘பாடம் நடத்தும் போக்கு’ என்பதற்கு விரிந்த பொருள் தந்தது. வகுப்பில் கற்பிக்க எடுக்கும் படி அதற்குள் அடங்கும். ஒரே ஒரு புத்தகம் வாங்கி, நாற்பது பேருக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிக்குப் போவதை அதற்குள் அடக்க முடியாது. நானும் பல ஆண்டுகள் அப்படிச் செய்திருக்கிறேன். இப்போது நிர்வாகத்திடம் கேட்டு வாங்குகிறேன்.

இவ்வளவையும் படித்த பின் எனக்குப் பிறந்த எண்ணம், நம்மிடம் இருப்பதை நாம் பாடவே இல்லையே என்பதுதான். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954 செப்டம்பரில் மறைந்தார். 2015 தொடக்கம் முதல் அவருடைய பாட்டுகள் யாவருக்கும் பொது. பாரதியின் எழுத்துரிமையை அரசு 1949-லேயே வாங்கிப் பின்னர் மக்களுக்குத் திறந்துவிட்டது. பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட எத்தனையோ பாட்டுகள் மெட்டுக்குக் காத்துக் கிடக்கின்றன. அவற்றுக்கு யாரோ போட்ட திரைமெட்டை எடுத்தால் மறுபடியும் அதே சிக்கல் வரும்; நாமே மெட்டுப் போட்டால் எந்த இயந்திரமும் குறுக்கே நிற்காது.

வில்லுப்பாட்டும் அப்படியே. கோயில் கொடை விழாக்களில் வழிவழியாகப் படிக்கப்படும் கதைகளுக்குத் தனி ஆசிரியர் இல்லை. ஆனால் இன்று கொடையில் வில்லடித்துப் படிக்கும் புலவருக்கு, நிகழ்த்துகலைஞர் என்ற முறையில் அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வதன் மேல் உரிமை உண்டு; 38-ஆம் பிரிவு அதற்கு 50 ஆண்டு காலம் தருகிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவதற்காக இரணியல் பக்கத்தில் ஒரு முதிய புலவரிடம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து குடத்தின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய படிப்பைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளலாமா என்று கேட்டபோது, “பிள்ளைய படிச்சு எடுக்கதுக்குப் பிடிச்சுக்கிடுங்க. நான் படிச்சத அப்படியே நெட்டுல போடாதீங்க, போன தடவ ஒருத்தன் போட்டான், எம்பேரு கூடப் போடல்ல” என்றார். பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் பெயர் தன் படைப்போடு நிற்க வேண்டும் என்பதை 57-ஆம் பிரிவு படைத்தவருக்குத் தனி உரிமையாகவே வைத்திருக்கிறது. 2012 முதல் நிகழ்த்துகலைஞருக்கும் அது உண்டு. அவர் அந்தப் பிரிவைப் படித்தவர் அல்லர்.

இந்த ஆண்டு முதல் எங்கள் பள்ளியில் ஒரு பாட்டுப் பதிவேடு வைத்திருக்கிறோம். நீளக் கணக்குநோட்டில் கோடு போட்டு, வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, டிராக்கா நேரடி வாசிப்பா, இணையத்தில் போடலாமா கூடாதா என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எழுதுகிறோம். தொகுப்புரை சொல்லும் மாணவர், பாட்டுக்கு முன்னால் எழுதியவர் பெயரையும் மெட்டமைத்தவர் பெயரையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் அந்தக் குளச்சல் பக்கத்துப் பெண் (இப்போது ஒன்பதாம் வகுப்பு) இரண்டு தோழிகளோடு வந்து, கவிமணியின் பாட்டொன்றுக்கு மூவரும் சேர்ந்து போட்ட மெட்டைப் பாடிக் காட்டினாள். மோகன ராகத்தில் தொடங்கி, நடுவில் எங்கோ விலகி, மறுபடியும் வந்து சேர்ந்தது. பதிவேட்டில் மெட்டு என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று அவர்களுக்குள் பேச்சு வந்தது. பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து உழைத்திருந்தால் மூவரும் கூட்டாசிரியர்கள், மூன்று பெயரையும் எழுத வேண்டும் என்றேன். உரிமை எவ்வளவு காலம் என்று ஒருத்தி கேட்டாள். கூட்டாசிரியர்களில் கடைசியாக மறைபவரிலிருந்து 60 ஆண்டுகளை எண்ண வேண்டும் என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பேனாவை வாங்கி, குனிந்து, ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகத் தங்கள் பெயர்களைத் தலைப்பெழுத்தோடு எழுதினார்கள்.